குதிரைச் சேணமும் உப்புத் தண்ணீரும்

சேணம் துடைக்க உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வாளித் தண்ணீரை. சோப்பு, எண்ணெய், மெழுகு எல்லாம் அதற்குப் பிறகுதான். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீடு என்றால் கவலை இல்லை. அது மென்மையான தண்ணீர், சோப்பு தொட்டவுடன் நுரைக்கும். ராதாபுரம், திசையன்விளை, உடன்குடி என்று கடலோரமாகப் போகப் போக ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அதில் சேணச் சோப்பைக் குழைத்தால், தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரளும். அது தோலின் துளைகளிலும் தையல் வரியிலும் போய் உட்காரும். துடைக்கிறவர் அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் கொஞ்சம் சோப்பைப் போடுவார், பிசுக்கும் கூடும். காய்ந்த பிறகு உப்பு வேறு தனியாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடும்.

குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் அரை லிட்டர் எடுத்துக்கொண்டால் ஒரு சேணத்துக்குப் போதும். அதற்கு மேல் செலவானால் சேணத்தைத் துடைக்கவில்லை, குளிப்பாட்டுகிறீர்கள். ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், சேணத்தின் கணக்கில் எல்லாம் பழைய திருநெல்வேலி ஜில்லாதான். ஒரே வருஷத்தில் சாரலையும், கண்ணைத் திறக்கவிடாத ஆடிக் காற்றையும், கார்த்திகை அடைமழையையும், கத்திரி வெயிலையும் இந்தத் தோல் பார்த்தாக வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய பராமரிப்புக் குறிப்பை அப்படியே இங்கே பின்பற்றினால் சேணம் கெட்டுப்போகும். இங்கே கெட்டுப்போன சேணங்களில் பெரும்பாலானவை எண்ணெய் காணாமல் கெட்டவை அல்ல. எண்ணெயும் தண்ணீரும் அளவுக்கு மிஞ்சிப் போய்க் கெட்டவை. (குதிரை விஷயத்தில் இந்தச் சீமைக்கு ஒரு பழைய கெட்ட பெயரும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து காயல் துறைக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்ததை எழுதிய மார்க்கோ போலோ, வந்த குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப்போனதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.)

தோலுக்கு எது ஆகாது

சேணத் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது பழைய மரபு. பின்னால் வாட்டில் பட்டைச் சாறு வந்து சேர்ந்தது. கான்பூரிலிருந்து வாங்கி வருகிற நல்ல சேணங்களும் பட்டைத் தோலில் செய்தவைதான். இந்தத் தோல் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உள்ளது. காரம் பட்டால் இதற்கு ஒத்துக்கொள்ளாது. துணி சோப்பு, பாத்திரப் பவுடர், சலவைச் சோடா, பழைய சவுக்காரக் கட்டி எல்லாமே காரம். முதல் தடவை பளிச்சென்று இருக்கும். நாலாவது தடவையில் தோல் கறுத்து விறைக்கும், மடக்குகிற இடத்தில் வெடிக்கும். தோல் பதனிடும் இடத்தில் மயிரை உதிர்க்கச் சுண்ணாம்பில்தான் ஊறப் போடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், புதிதாக வெள்ளையடித்த சுவரில் சேணத்தைச் சாய்த்து வைக்க மனசு வராது.

சீயக்காய் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது காரம் இல்லை என்பது சரிதான். ஆனால் அதன் தூள் தையல் துளைக்குள் ஏறிக்கொண்டால் வெளியே வராது. வெளிர் நிறத் தோலில் கறையும் விழும். வேண்டாம்.

குதிரை வியர்வை தனி ரகம். மனித வியர்வையைவிட உப்பு அதிகம். அதோடு லாதரின் என்கிற ஒரு புரதமும் அதில் இருக்கிறது. வார் உரசுகிற இடத்தில் சோப்புப் போட்டதுபோல் வெள்ளையாக நுரைப்பது அதனால்தான். இந்த நுரை காய்ந்து தோலில் இறுகினால், உப்பு ஈரமான நாளில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகும், வெயில் நாளில் மறுபடியும் பொடியாக இறுகும். இப்படி இளகியும் இறுகியும் தோலின் நாரை அறுத்துவிடும். ஆகவே சவாரி முடிந்ததும், வியர்வை காயும் முன், ஈரத் துணியால் மூன்று இடங்களைத் துடைத்தே ஆக வேண்டும்: முதுகில் படிகிற, கம்பளி அடைத்த பேனலின் அடிப்பக்கம், கர்த் என்கிற வயிற்றுப்பட்டை, அதை மாட்டுகிற பில்லட் வார்கள். ஐந்து நிமிஷ வேலை. இதைத் தினமும் செய்கிறவருக்கு வாரச் சுத்தம் என்பது பெரிய வேலையாக இருக்காது. செய்யாதவர் வாரம் முழுக்கத் தேய்த்தாலும் பயன் குறைவுதான்.

வாரச் சுத்தம்

வேண்டியவை: பனியன் வேஸ்ட் துணி நாலைந்து துண்டு, சிறிய ஸ்பாஞ்சு இரண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், மென்மயிர் ஷூ பிரஷ், கிளிசரின் சேணச் சோப்புக் கட்டி ஒன்று, விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று. தேங்காய் நாரும் பச்சை நிறப் பாத்திர ஸ்கிரப்பரும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. தோலின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும்.

கால் வைக்கிற அங்கவடியையும் அதன் வாரையும் கழற்றுங்கள். கர்த்தையும் கழற்றுங்கள். மாட்டியபடியே துடைத்தால் அங்கவடி வார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அழுக்கு அப்படியே தங்கும். தோல் முதலில் வெடிப்பதும் அந்த இடத்தில்தான்.

முதலில் தூசி. அதை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டுங்கள். தேரிப் பக்கத்துச் செம்மணலும் கரிசல் காட்டுப் புழுதியும் மேலே இருக்கும்போதே ஈரத் துணியைப் போட்டால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். இருபுறமும் தொங்குகிற மடலைத் தூக்கி அடியிலும், இருக்கையும் மடலும் சேருகிற இடுக்கிலும், தையல் வரி நெடுகவும் பிரஷ் போக வேண்டும். ஆனி, ஆடியில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகிற நாளில் சேணத்தைத் தாழ்வாரத்தில் திறந்து வைத்திருந்தால் இந்த ஒரு வேலைக்கே கால் மணி நேரம் ஆகிவிடும்.

அடுத்தது, நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. துணியைக் கையில் அழுத்தினால் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

இப்போது சில இடங்களில் கறுப்பாக, மெழுகுபோல, சிறு திட்டுகள் தெரியும். வியர்வை, எண்ணெய், புழுதி, உதிர்ந்த மயிர் எல்லாம் சேர்ந்து இறுகியது அது. ஆங்கிலேயச் சேணக்காரர்கள் இதற்கு ஜாக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சவாரிக்காரனைப் போல ஒட்டிக்கொண்டு இறங்க மறுப்பதாலோ என்னவோ. கத்தி முனையாலோ நகத்தாலோ சுரண்டாதீர்கள். வாலிலிருந்து உதிர்ந்த மயிரைச் சேர்த்து வைத்து எலுமிச்சை அளவுக்கு உருட்டி, லேசாக நனைத்துச் சுழற்றித் தேய்த்தால் திட்டு உருண்டு வந்துவிடும், தோலில் கீறல் விழாது. பழைய முறைதான், இன்னும் இதற்கு மிஞ்சியது வரவில்லை.

சோப்பு போடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்பாஞ்சை வாளியில் முக்கி, சோப்பில் தேய்த்து, நுரை பொங்க எடுத்துக்கொண்டு வருவார்கள். நுரை பொங்கினாலே தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். ஸ்பாஞ்சு கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். நனைய வேண்டியது சோப்புக் கட்டியின் முகம் மட்டும், அதுவும் விரலால் தண்ணீர் தெளித்த அளவுக்கு. அந்த முகத்தில் ஸ்பாஞ்சைத் தேய்த்தால் பசைபோல ஒரு படலம் ஒட்டும். அதைக் கொண்டு சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். உள்ளங்கை அளவு இடம் முடித்து, இரண்டாவது ஸ்பாஞ்சால் அந்தச் சோப்பை எடுத்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போங்கள். முழுச் சேணத்துக்கும் சோப்புப் பூசிவிட்டுக் கடைசியில் துடைக்கலாம் என்று விட்டால், நம் வெயிலில் பாதி காய்ந்துபோகும்.

சொரசொரப்பான ஸ்வேட் தோல் இருக்கையோ முழங்கால் திண்டோ இருந்தால் அங்கே சோப்பும் கூடாது, எண்ணெயும் கூடாது. உலர்ந்த பிரஷ் மட்டும்.

வார்களின் துளைகளில் சோப்பு அடைத்துக்கொள்ளும். ஈர்க்குச்சியை விட்டு ஒவ்வொரு துளையையும் திறந்து விடுங்கள். அடைத்த சோப்பு காய்ந்தால் பக்கிளின் ஊசி சரியாக உட்காராது. துளையின் ஓரமும் கிழியத் தொடங்கும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு ராத்திரி விடுங்கள். எண்ணெயோ மெழுகோ போடுவதாக இருந்தால் மறுநாள்.

வெள்ளையாகப் படிந்தால்

"சேணத்தில் வெள்ளை விழுந்துவிட்டது, என்ன போடலாம்?" ஐப்பசி பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறக்கும். வெள்ளை என்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது பூஞ்சணம். பஞ்சுபோல, திட்டுத் திட்டாக இருக்கும், பச்சையும் கலந்திருக்கும், மக்கல் வாடை அடிக்கும். இரண்டாவது உப்பு. வியர்வை பட்ட ஓரங்களில் கோடாக இருக்கும், விரலில் நெறுநெறுக்கும், ஈரத் துணி பட்டால் உடனே கரையும். மூன்றாவது கொழுப்புப் பூப்பு. தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ப் பசை குளிர்ந்த இரவில் வெளியே வந்து உறைந்து, மாவு தூவியதுபோல் சீராகப் படியும். மார்கழியில் வரும். விரலால் சூடு பறக்கத் தேய்த்தால் உருகி உள்ளே போய்விடும். உருகினால் கொழுப்பு, கரைந்தால் உப்பு, இரண்டும் இல்லாமல் மக்கல் நாறினால் பூஞ்சணம்.

கொழுப்புப் பூப்புக்கு உலர்ந்த துணியால் தேய்த்தாலே போதும். உப்புக்கு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடுத்த உப்பை அங்கேயே திரும்பப் பூசிவிடுவீர்கள்.

பூஞ்சணம்தான் கொஞ்சம் பாடுபடுத்தும். சேணத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் பக்கத்திலிருக்கும் கடிவாளத்துக்கும் பரவும். அந்தப் பிரஷை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். பிறகு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தும் துடைக்கலாம். அது சில சாயங்களைத் தூக்கிவிடும் என்பதால் மடலின் அடியில் ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பூஞ்சணம் இருக்கும்போதே அதன் மேல் எண்ணெய் போடுவது மிகப் பெரிய தப்பு. எண்ணெய் அதற்குச் சாப்பாடு.

எண்ணெய்

எண்ணெய் தேவையா என்று சேணமே சொல்லும். வாரை விரலைச் சுற்றி மடக்கிப் பாருங்கள். வளைந்து, மேலே மெல்லிய சுருக்கம் மட்டும் தெரிந்தால் எண்ணெய் வேண்டாம். வளைய முரண்டு பிடித்து, நிறம் வெளுத்து, நூல் நூலாகக் கோடு தெரிந்தால் வேண்டும். மடலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. சொட்டு உருண்டு நின்றால் மேல்பூச்சு நன்றாக இருக்கிறது. கண் முன்னாலேயே உறிஞ்சிவிட்டால் தோல் வறண்டிருக்கிறது.

சேணத்துக்கென்றே உள்ளது நீட்ஸ்ஃபுட் எண்ணெய். மாட்டின் கால் எலும்பைக் காய்ச்சி எடுப்பது. டப்பாவில் காம்பவுண்ட் என்று இருந்தால் கனிம எண்ணெய் கலந்தது. சுத்தமான நீட்ஸ்ஃபுட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வீட்டில் இருக்கிறதே என்று கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். அது தோலை இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், நிறத்தைக் கறுக்க வைக்கும், எறும்பையும் எலியையும் கூப்பிடும். எலி ஒருமுறை பேனலைக் கடித்து உள்ளே இருக்கும் கம்பளியை இழுத்துவிட்டால், சேணத்தைப் பிரித்துத் தைக்கிற ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். நல்லெண்ணெய் அதைவிட மோசம். காற்றுப் பட்டுப் பட்டு மெள்ளப் பிசினாகிற எண்ணெய் அது. இரண்டு மாதத்தில் மேலே ஒட்டும் படலமாகி, ஆடிக் காற்றின் புழுதி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் அப்படிப் பிசினாகாது, தோலுக்கு இது பழைய மருந்தும்கூட. ஆனால் கெட்டி, தனியாகப் போட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கும். மண்ணெண்ணெய், வண்டியின் பழைய எஞ்சின் ஆயில் இவற்றைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, ஆனால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது: போடாதீர்கள்.

அளவு: நல்ல நிலையில் இருக்கும் ஒரு சேணம் முழுமைக்கும் 25 முதல் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக் கரண்டி. வருஷத்தில் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. பல வருஷம் பரணில் கிடந்து விறைத்த சேணம் என்றால் மொத்தம் 80 மில்லி வரை இழுக்கலாம். அதையும் ஒரே நாளில் ஊற்றக் கூடாது. மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே 24 மணி நேரம் விட்டு, மூன்று நாலு தடவையாகப் போட வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் சுலபமாக இறங்கும். துணியால் தொட்டு, மடலின் அடிப்பக்கத்தில், பளபளப்பில்லாத சொரசொரப்பான முகத்தில் தடவுங்கள். அந்தப் பக்கம்தான் நன்றாகக் குடிக்கும். மேல்முகத்துக்கும் இருக்கைக்கும் துணியில் மிஞ்சிய ஈரம் போதும்.

கூடிப்போனால் என்ன ஆகும்? தோல் துவண்டு துணிபோல் ஆகும். பில்லட் வார் நீளும், துளைகள் முட்டை வடிவமாக இழுபடும். எண்ணெய் பேனலுக்குள் இறங்கிக் கம்பளியைக் கட்டி கட்டியாக்கும். அந்தக் கட்டி குதிரையின் முதுகில் புண்ணாகத் தெரியும். போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. குறைந்தால் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், கூடினால் வழியில்லை.

கத்திரி வெயிலுக்கு எண்ணெயைவிட மெழுகுப் பசை நல்லது. தேன்மெழுகு 50 கிராம், நீட்ஸ்ஃபுட் எண்ணெய் 150 மில்லி. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னப் பாத்திரம் வைத்து மெழுகை உருக்குங்கள். தேன்மெழுகு 62, 63 டிகிரியில் இளகிவிடும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். உருகியதும் எண்ணெயை ஊற்றிக் கலக்கி, வாயகன்ற டப்பாவில் ஆற விடுங்கள். மே மாதத்தில் இளகி ஓடினால் அடுத்த தடவை மெழுகை 65 கிராமாகக் கூட்டுங்கள். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கை இரண்டு அகலத்துக்குத் தேய்த்து, பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் மெருகேற்றினால், தூசி ஒட்டாது, சாரல் பட்டாலும் உடனே ஊறாது.

பித்தளை, தையல், மரச்சட்டம்

பித்தளைப் பக்கிளும் தோலும் சேருகிற இடத்தில் பச்சையாக, மெழுகுபோல ஒன்று கசியும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஏறுமே, அந்தக் களிம்புக்கு உறவுதான். இங்கே புளிக்குப் பதில் எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் செம்பைத் தின்கிறது. எண்ணெய் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு களிம்பு கூடும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, உலர்ந்த பிரஷால் துடையுங்கள். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். தோலில் பட்டால் கறை. பாலிஷ் போட வேண்டுமானால் கழற்ற முடிந்ததைக் கழற்றி, கழற்ற முடியாததைச் சுற்றிக் காகிதம் ஒட்டிவிட்டுப் போடுங்கள். வாய்க்குள் போகிற கடிவாள இரும்புக்குத் தண்ணீர் மட்டும்.

சுத்தம் செய்யும்போதுதான் கை எல்லா இடத்திலும் படும். ஆகவே சோதனையையும் அப்போதே முடித்துவிடுவது லாபம். பில்லட் வார் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்து, தையலின் வேரில் பாருங்கள். நூல் ஒன்று அறுந்திருந்தாலும் அன்றைக்குச் சவாரி இல்லை. செருப்பு தைக்கிறவரிடம் கொடுக்கலாமா? அலங்காரப் பட்டைக்குக் கொடுக்கலாம். உயிரைத் தாங்குகிற வாருக்கு இரண்டு ஊசியில், மெழுகிட்ட நூலில், கையால் மாற்றி மாற்றிக் குத்துகிற தையல் வேண்டும். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

வாரை மடக்கும்போது செங்கல் பொடிபோல் சிவப்பாக உதிர்ந்தால், தோலின் நாரே மக்கிவிட்டது. எந்த எண்ணெயும் அதை மீட்காது. சுவரில் அழகுக்கு மாட்டலாம், குதிரையில் மாட்டக் கூடாது.

தோலுக்குள் இருக்கிற மரச்சட்டத்தைச் சோதிக்க, சேணத்தின் பின்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்து முன்மேட்டை இரண்டு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் வைத்த சட்டம் லேசாகக் கொடுத்துத் திரும்பும். சத்தம் வந்தாலோ, நடுவில் மடிந்தாலோ, இருக்கைத் தோல் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினாலோ சட்டம் உடைந்திருக்கிறது. பேனலில் உள்ளங்கையை அழுத்தி முன்னிருந்து பின்னாக ஓட்டினால் கம்பளிக் கட்டியும் பள்ளமும் தட்டுப்படும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அங்கவடி வார்களை மாதம் ஒருமுறை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கம் மிதித்தே ஏறுவதால் அந்த வார் மட்டும் நீளும்.

எங்கே வைப்பது

பழைய நெல்லை வீடுகளில் சேணத்துக்குப் பொருத்தமான இடம் தார்சா என்கிற முன்னறை அல்லது பட்டாசல் என்கிற கூடம். நடுவில் இருட்டாக, காற்றே புகாத அரங்குக்குள் வைத்தால் அடைமழையில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி, காற்றும் அசையாமல் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். தகரக் கொட்டகை இதற்கு நேர் எதிர். சித்திரையில் உள்ளே அடுப்பு. ஈரத் தோல் சூட்டில் சுருங்கினால் சுருங்கியதுதான், பிறகு விரியாது.

தாங்கி கூரை முகடு மாதிரி இருபுறமும் சரிந்திருக்க வேண்டும். பனங்கட்டையைப் பிளந்து செய்வது மலிவு, உறுதி. ஆனால் அதன் சிலாம்பு பேனலைக் கீறும், ஆகவே மேலே பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்; தோலுக்குள் மரச்சட்டம் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். மூடுவதற்குப் பழைய வேட்டி. பாலிதீன் கூடவே கூடாது. அங்கவடியைத் தொங்கவிட்டபடி மாதக்கணக்கில் வைத்தால் மடலில் அதன் அச்சு பதிந்துவிடும்.

புரட்டாசி கடைசியில் ஒரு முழுச் சுத்தம், மெழுகுப் பசையோடு. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாளுக்கு ஒருமுறை வேட்டியை விலக்கி, மடலைத் தூக்கிப் பார்த்து, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அந்த இரண்டு மாதம் எண்ணெய் வேண்டாம். பொங்கல் கழிந்து வெயில் நிலைத்ததும் முழுச் சுத்தமும் வருஷத்தின் முதல் எண்ணெயும். தேவைப்பட்டால் ஆவணியில் இரண்டாவது. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல் விழுகிற ஊர்களுக்கு ஆனி, ஆடியும் மழைக்காலக் கணக்குத்தான்.

சேணம் முழுக்க நனைந்துவிட்டால் பதற்றத்தில் வெயிலில் வைப்பார்கள், அல்லது அடுப்படிக்குக் கொண்டுபோவார்கள். இரண்டும் வேண்டாம். சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, தாங்கியில் வைத்து, மடலுக்கு அடியில் துணிச் சுருள் செருகி இடைவெளி கொடுங்கள். மின்விசிறியைத் தள்ளி வைத்து ஓடவிடுங்கள். மேல்தோல் உலர ஒரு நாள் போதும். பேனல் கம்பளி உலர மூன்று நாளும் ஆகலாம். தோலில் ஈரம் லேசாக மிச்சமிருக்கும்போதே மிக மெல்லிய ஒரு பூச்சு எண்ணெய் கொடுத்தால், தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் எண்ணெய் இறங்கிக்கொள்ளும், தோல் விறைக்காது. முழுவதும் காய்ந்து விறைத்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.

வண்டிக் குதிரையின் கழுத்துப் பட்டை, நெற்றிப் பட்டை, கண்மறைப்புக்கும் இதே முறைதான். ஒரே ஒரு வித்தியாசம்: அவற்றில் வண்டியின் தண்டுக்கட்டை உரசுகிற இடம் சீக்கிரம் தேயும் என்பதால் மெழுகு அங்கே இரண்டு பூச்சு.

மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. சேணத்துக்குச் சாயமோ எண்ணெயோ போட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முந்தின நாள் வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து, இருக்கையிலும் மடலிலும் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் மறுநாள் அது பட்டு வேட்டியிலும் ஏறும். வேறு வழியில்லாவிட்டால், ஜரிகை விரிப்புக்கு அடியில் ஒரு பருத்தித் துண்டை இரண்டாக மடித்து இருக்கையில் போட்டு, அதன் முனைகளை முன்மேட்டு வளையத்தில் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் மேளச் சத்தத்தில் குதிரை தோளைக் குலுக்கும்போது துண்டு நழுவிவிடும்.